அறிதலும் இயலுதலும்: பாலியல் நலக் கல்வி எழுப்பும் ஓர் அறவியல் வினா

அறிவு ஒழுக்கத்தைத் தருமா என்பது மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகும். பிளேட்டோவின் ‘புரோத்தகோரஸ்’ உரையாடலில் இடம்பெறும் சோக்கிரட்டீஸ், நன்மை இன்னதென உண்மையில் அறிந்தவன் தெரிந்தே தீமையை நாடமாட்டான் என வாதிடுகின்றார். அவர் கருத்தின்படி தவறான செயலின் வேர் அறியாமை. அறியாமை நீங்கின் செயலும் திருந்தும். அரிஸ்டோட்டில் இதனை முற்றாக ஏற்றுக்கொண்டாரல்லர். நல்லதை அறிந்திருந்தும் இச்சையின் வேகத்தால் அதற்கு மாறாக நடப்போர் உளர் என்பதை அன்றாட அனுபவமே காட்டுகின்றது. ஆதலால் ‘நிக்கமாக்கிய அறவியல்’ நூலின் ஏழாம் பகுதியில் மனவுறுதியின்மை என்னும் நிலையை அவர் தனியே எடுத்து ஆராய்ந்தார். அறிந்தவன் ஏன் செய்வதில்லை என்ற வினாவுக்குப் பின்வந்தோர் கூறிய விடைகளிற் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றன் வழிப்பட்டனவே.

இவ்வினா விரிவுரை மண்டபத்தோடு நின்றுவிடும் ஒன்றன்று. இருபதாம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில், எயிட்ஸ் நோய் உலகெங்கும் பரவிய வேளையில், மருத்துவரும் தொண்டரும் குடிசைகளுக்கும் தெருக்களுக்கும் சென்று பாலியல் நலம் பற்றிப் போதிக்கத் தலைப்பட்டனர். நோய் எவ்வாறு தொற்றும், எவ்வாறு தொற்றாது, ஆணுறை எத்தகைய காப்பினைத் தரும் என்பன விளக்கப்பட்டன, துண்டுப் பிரசுரங்கள் வழங்கப்பட்டன, சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. மக்கள் கேட்டனர், பலர் விளங்கியும் கொண்டனர். ஆயினும் நடைமுறையில் மாற்றம் சிறிதாகவே இருந்தது. அப்போது போதித்தவர்கள் கூறிய காரணங்கள் இரண்டு. ஒன்று, ‘இவர்களுக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை’ என்பது. மற்றையது, ‘விளங்கியும் கட்டுப்பாடில்லாதவர்கள்’ என்பது. முன்னதிற் சோக்கிரட்டீசின் குரலும் பின்னதில் அரிஸ்டோட்டிலின் குரலும் மெலிந்த வடிவில் ஒலிப்பதைக் காணலாம். இரண்டு காரணங்களும் ஒரு விடயத்தில் உடன்படுகின்றன: குறை கேட்பவரிடத்தே உள்ளது, போதிப்பவரிடத்தில் இல்லை. இந்த உடன்பாடு எவ்வளவு தூரம் நியாயமானது என்பதே ஈண்டு ஆராயப்படுவது. அதற்குக் கல்கத்தாவின் சோனாகாச்சிப் பகுதியில் நிகழ்ந்த பணி தக்கதொரு சான்றாக அமைகின்றது.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலிற் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டிற் சென்னையிலாகும். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியற் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலிலிருந்த பெண்களின் குருதி மாதிரிகளைச் சேகரித்து மேற்கொண்ட ஆய்வு, நோய் ‘பிற நாட்டவர்க்குரியது’ என்ற நம்பிக்கையைத் தகர்த்தது. ஆனால் அதனோடு வேறொரு நம்பிக்கை வலுப்பெற்றது. நோயைக் காவுபவர்கள் இப்பெண்களே. ஆதலால் திருத்தப்பட வேண்டியோரும் இவர்களே என்பது அது. நோய் எவரிடம் முதலிற் காணப்பட்டதோ அவரே நோய்க்குக் காரணர் என்று கொள்வது அளவையியலில் ஒரு வழு. அறவியலில் ஓர் அநீதி. எனினும் சமூகத்தின் பொதுப்புத்தி அவ்வழியே சென்றது.

1992இற் கல்கத்தாவிலுள்ள அகில இந்திய சுகாதார, பொதுச் சுகாதார நிறுவனம் சோனாகாச்சியில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வடகல்கத்தாவில் நெருக்கமான சந்துகளுக்குள் பல்லாயிரம் பெண்கள் பாலியல் தொழில் செய்து வாழும் பகுதி அது. திட்டத்தை வழிநடத்தியவர் தொற்றுநோயியலாளரான மருத்துவர் ஸ்மரஜித் ஜானா. தொழிற்சுகாதாரத் துறையிற் பயிற்சி பெற்றிருந்த அவர், இப்பெண்களை ஒழுக்கங் கெட்டவர்களாகவோ இரங்கத்தக்கவர்களாகவோ நோக்காது, தாம் செய்யும் தொழிலினால் நோய்க்கு ஆளாகும் தொழிலாளராக நோக்கினார். சுரங்கத் தொழிலாளிக்குத் தூசியினால் நோய் வருமிடத்து அவனுடைய ஒழுக்கத்தை எவரும் விசாரிப்பதில்லை; சுரங்கத்தின் நிலைமையையே விசாரிப்பர். இந்த நோக்கு மாற்றம் சிறிதெனத் தோன்றினும், பின்விளைந்தன யாவற்றுக்கும் அதுவே அடிப்படையாயிற்று.

தொடக்க ஆய்வில் ஆணுறைப் பயன்பாடு 3 சதவீதத்துக்கும் குறைவாகவே காணப்பட்டது. போதனை மட்டுமே போதுமாயின், விளக்கம் அளிக்கப்பட்டதும் இது விரைந்து உயர்ந்திருத்தல் வேண்டும். ஆனால் பெண்களோடு பேசப் பேச வேறொரு கணக்கு வெளிப்பட்டது. வந்தவன் ஆணுறையை மறுக்கிறான் எனக் கொள்வோம். அவள் வற்புறுத்தினால் அவன் அடுத்த வாசலுக்குச் செல்வான். அங்கு மற்றொருத்தி உடன்படுவாள். இவளுக்கோ அன்றைய வாடகை இறுக்கப்பட வேண்டும். வட்டிக்குக் கடன் கொடுத்தவன் மாலையில் வந்து நிற்பான். பிள்ளையின் பாலுக்குப் பணம் வேண்டும். பொலிசார் திடீரென நுழைந்தால் இரண்டு நாள் வருமானம் போய்விடும். பத்தாண்டுகளின் பின் வரக்கூடிய மரணத்தை இன்றிரவு வரப்போகும் பட்டினியோடு வைத்து நிறுத்துப் பார்த்தே அவள் முடிவு செய்கிறாள். இது அறியாமையன்று, மனவுறுதியின்மையுமன்று. அவளுடைய நிலையில் நின்று நோக்குமிடத்து, அது நிதானமான ஒரு தீர்மானமே.

இங்கேதான் சோக்கிரட்டீசும் அரிஸ்டோட்டிலும் சுட்டிய இரு காரணங்களுக்கும் அப்பால் மூன்றாவதொரு காரணம் புலப்படுகின்றது. அறிந்தவர் செய்யாதிருப்பது, அறிந்ததைச் செய்யும் ஆற்றல் அவரிடம் விடப்படாமையாலும் நிகழலாம். பண்டைய மெய்யியலாளர் இருவரும் தம் ஆராய்ச்சியிற் பெரிதும் கருத்திற் கொண்டது தன் செயலுக்குத் தானே அதிபதியாயுள்ள ஒரு மனிதனை. ஏதென்ஸ் நகரத்துச் சுதந்திரக் குடிமகனுக்கு அக்கருத்துப் பொருந்தியிருக்கலாம். ஆனால் ஒரு செயலின் கடிவாளம் வாடிக்கையாளன், வீட்டுக்காரி, கடன்காரன், காவலன் ஆகிய பலர் கைகளிற் பகிர்ந்து கிடக்குமாயின், அச்செயலுக்குரிய அறிவை ஒருத்தியின் செவியில் மாத்திரம் ஓதிவிட்டு விளைவை எதிர்பார்ப்பது எவ்வாறு பொருந்தும்? செய்ய வேண்டும் என விதிக்கப்படுவது செய்ய இயல்வதாகவும் இருத்தல் வேண்டும் என்பது காண்ட் என்பாரின் அறவியலோடு தொடர்புபடுத்திக் கூறப்படும் கொள்கை. அக்கொள்கையின்படி, இயலாதவர் மீது கடமையைச் சுமத்துவது அறமாகாது. சுமத்திவிட்டு அவரைப் பழிப்பது அறத்துக்கு நேர்மாறானது.

சோனாகாச்சித் திட்டத்தினர் இதனை நூல்களிலிருந்து பெற்றாரல்லர், பெண்களிடமிருந்தே கற்றனர். ஒருத்தி தனித்து மறுத்தால் அவள் தோற்பாள். அனைவரும் ஒருங்கே மறுத்தால் வந்தவனுக்கு அடுத்த வாசல் இல்லை. ஆகவே நோய்த் தடுப்பு தனிமனித அறிவின் பிரச்சினையாக அன்றி, கூட்டு ஆற்றலின் பிரச்சினையாக விளங்கிக்கொள்ளப்பட்டது. அத்தொழிலிலிருந்த பெண்களே தெரிந்தெடுக்கப்பட்டுப் பயிற்றப்பட்டு, தம் சகாக்களுக்குக் கற்பிப்போராயினர். மதிப்பு, நம்பிக்கை, அங்கீகாரம் ஆகிய மூன்றும் திட்டத்தின் அடிப்படைகளாகக் கூறப்பட்டன. அப்பெண்களையும் அவர்தம் தொழிலையும் மதித்தல்; தம் பிரச்சினையைத் தாமே விளங்கித் தீர்க்க வல்லார் என நம்பி அவர்களைச் சார்ந்து நிற்றல்; அவர்களுடைய உரிமைகளை ஏற்றுக்கொள்ளல் என்பன அவற்றின் பொருள். எழுத்தறிவு வகுப்புகளும் குழந்தைகளின் கல்வியும் காவல்துறையினரோடு பேச்சுவார்த்தையும் சுகாதாரப் பணியின் பகுதிகளாயின. 1995இல் அப்பெண்கள் ‘துர்பார்’ என்னும் தம் சங்கத்தை அமைத்தனர். அவ்வங்காளச் சொல் தடுக்கவொண்ணாமையைக் குறிப்பதாகும். 1999இல் திட்டத்தின் நிர்வாகமே அச்சங்கத்தின் கைக்கு மாறியது.

அதே 1995ஆம் ஆண்டில் நிகழ்ந்த மற்றொன்று அறவியல் மாணவர் சிந்திக்கத்தக்கது. கடுவட்டியிலிருந்து விடுபடும் பொருட்டுப் பெண்கள் ‘உஷா’ என்ற பெயரிற் கூட்டுறவுச் சங்கமொன்றைப் பதிவு செய்ய முயன்றனர். கூட்டுறவுச் சட்டமோ உறுப்பினர் நன்னடத்தை உடையவராயிருத்தல் வேண்டும் என விதித்திருந்தது. இல்லத்தரசிகள் எனப் பதிந்துகொண்டாற் காரியம் எளிதில் முடியும் என்ற யோசனையும் கூறப்பட்டது. பெண்கள் அதனை மறுத்தனர். தாம் யாரோ அவராகவே பதிவு பெறுவதென நின்று, ஈற்றில் மாநில அரசின் இணக்கத்தைப் பெற்று வென்றனர். பொய் கூற மறுத்தவர்களே ‘நன்னடத்தை’ அற்றவர்கள் எனவும், பொய் கூறினால் அந்நன்னடத்தை அவர்களுக்குக் கிடைத்துவிடும் எனவும் அமைந்த அவ்விதியின் முரண் வெளிப்படையானது. நோய்த் தடுப்போடு இதற்கென்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். வட்டிக்காரனுக்கு அஞ்சவேண்டாத பெண்ணே வாடிக்கையாளனுக்கு ‘இல்லை’ எனக் கூறவல்லவள். சேமிப்புப் புத்தகம் ஒருவகையில் ஆணுறைக்கு முந்திய காப்பாக அமைந்தது.

விளைவு யாது? 1990களின் இறுதிக்குள் அப்பகுதியில் ஆணுறைப் பயன்பாடு பெரும்பான்மை வழக்கமாயிற்று. பம்பாயிற் பாலியல் தொழிலாளரிடையே எச்.ஐ.வி. தொற்று அரைப்பங்கைத் தாண்டிவிட்டதென ஆய்வுகள் பதிவு செய்த காலத்தில், சோனாகாச்சியில் அது பத்தில் ஒரு பங்கினை அண்டியே நின்றது. ஆயினும் இரு நகரங்களின் தொழில் நிலைமைகள் வேறுபட்டவை. ஒப்பீட்டு முறையிற் பிரிக்கப்படாத ஓரிடத்தின் வெற்றியைக் கொண்டு காரணகாரியத் தொடர்பினை உறுதிப்படுத்தல் அவசரமாகும். இதனாலேயே மேற்கு வங்கத்தின் இரு சிறு நகர்ப்புறச் சமூகங்களில் அதே முறை பரிசோதிக்கப்பட்டது. 2004இல் வெளியான அதன் முடிவுகளின்படி, முறை கையாளப்பட்ட இடத்தில் ஆணுறைப் பயன்பாடு 39 சதவீதமும் மற்றைய இடத்தில் 11 சதவீதமும் உயர்ந்தது. ஆய்வு சிறியதே, எனினும் அது காட்டும் திசை தெளிவானது.

ஒருபுறத்தாரின் ஆற்றல் வளருமிடத்து மறுபுறத்தாரின் நிலை என்ன என்ற வினாவும் எழுகின்றது. பாலியல் நலக் கல்வி நெடுங்காலம் பெண்களையே தேடிச் சென்றது. முடிவெடுப்போரோ பெரும்பாலும் ஆண்கள். உகண்டா நாட்டுக் கிராமமொன்றில் அலிஸ் வெல்போர்ன் மேற்கொண்ட பணியிலிருந்து உருவாகி 1995இல் வெளியான ‘படிக்கற்கள்’ என்னும் பயிற்சிமுறை இக்குறையைக் களைய முயன்றது. முதியவரும் இளையவரும் ஆணும் பெண்ணும் எனப் பிரிந்த குழுக்கள் தனித்தனியே தம்முட் பேசி, பின்னர் ஒருங்குகூடி ஒருவர் வேண்டுகோளை மற்றவர் செவிமடுப்பதே அதன் அமைப்பு. தென்னாபிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில் 70 கிராமங்களில் இம்முறை பரிசோதிக்கப்பட்டு, முடிவுகள் 2008இல் வெளியாயின. எச்.ஐ.வி. புதிதாகத் தொற்றும் வீதத்திற் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. ஆனால் பாலுறவால் தொற்றும் ஹெர்பிஸ் நோய் மூன்றிலொரு பங்களவு குறைந்தது. பங்குபற்றிய ஆண்கள், தம் துணைவியர் மீது தாம் புரியும் வன்முறை குறைந்தமையை ஒப்புக்கொண்டனர். எதிர்பார்த்த பயன் கிட்டாமையையும் எதிர்பாராத பயன் கிட்டியமையையும் ஒருங்கே ஒப்புக்கொண்ட அவ்வறிக்கை, போதிப்போர்க்கு வேண்டிய நேர்மைக்கு ஓர் எடுத்துக்காட்டாகும். தன் கைக்கு எதிரே நிற்பவள் அச்சமின்றிப் பேசும் நிலையை ஆணிடம் உண்டாக்குவதும் பாலியல் நலக் கல்வியே என்பதையும் அது உணர்த்தியது.

அறிவுடைமை அறமுடைமையாகாது என்பதற்கு மறுதலையான சான்றொன்றும் வரலாற்றில் உண்டு. 1932இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை, அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் ஏழைக் கறுப்பின ஆண்கள் சுமார் 600 பேரைக் கொண்டு சிபிலிஸ் என்னும் மேகநோய் பற்றிய ஆய்வைத் தொடங்கியது. அவர்களுள் 399 பேர் நோயுற்றவர்கள். நோயின் உண்மை அவர்களுக்குக் கூறப்படவில்லை. 1940களின் பிற்பகுதியில் பெனிசிலின் உரிய மருந்தென நிலைபெற்ற பின்னரும் அது அவர்களுக்கு வழங்கப்படவில்லை. செய்தி அம்பலமாகி, 1972இலேயே ஆய்வு நிறுத்தப்பட்டது. இங்கு நோயைப் பற்றி யாவும் அறிந்தோர் மருத்துவர். அறிந்ததைச் செய்யும் ஆற்றலும் அவர்களிடமே இருந்தது. அறிவும் இயல்பும் ஒருங்கிருந்தும் செய்யாதுவிட்ட பழி எவரைச் சாரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் உலகம் பழிப்பதற்குப் பழகியதோ துண்டுப் பிரசுரத்தைப் படித்துவிட்டும் பட்டினிக்கு அஞ்சிய பெண்ணைத்தான். பொறுப்பு என்பது ஆற்றலின் அளவுக்கேற்பப் பகிரப்பட வேண்டுமாயின், இப்பழிப்பு முற்றிலும் தலைகீழானதாகும்.

மேற்கூறியவற்றுக்கு எதிராக இரு தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது, பாலியல் தொழிலைத் தொழிலென ஏற்றுப் பாதுகாப்பளிப்பது, பெண்ணைப் பண்டமாக்கும் ஒரு கொடுமைக்கு நிழல் கொடுப்பதாகாதா என்பது. இத்தடை எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. வறுமையாலும் வஞ்சகத்தாலும் அங்கு கொண்டுவரப்பட்டோர் பலர் என்பதை எவரும் மறுக்கவியலாது. துர்பார் சங்கமே சிறுமியரும் விருப்பமின்றிக் கொணரப்பட்டோரும் அத்தொழிலில் நுழையாது தடுப்பதற்குத் தன் சொந்தக் கண்காணிப்புக் குழுக்களை அமைத்தது இதனாலேயே. எனினும் அத்தொழில் இருத்தல் தகுமா என்ற வினாவும், இன்றிரவு அங்கிருப்பவள் நோயின்றி வாழத் தகுமா என்ற வினாவும் வேறு வேறானவை. முன்னதற்கு விடை காணும்வரை பின்னதை ஒத்திவைப்பவர், தம் கொள்கைத் தூய்மைக்குரிய விலையைப் பிறருடைய உடலிலிருந்து அறவிடுகின்றனர்.

இரண்டாவது தடை இதனினும் நுட்பமானது. யாவற்றையும் சூழ்நிலையின் மேலேற்றினால் தனிமனிதப் பொறுப்பு என்பதே இல்லாதொழியாதா? ஏழையைப் பொறுப்பற்றவர் எனப் பழிப்பது ஓர் அவமதிப்பெனின், அவரைப் பொறுப்பேற்கவே முடியாதவர் எனக் கொள்வதும் மற்றோர் அவமதிப்பன்றோ? இக்கேள்விக்குச் சோனாகாச்சிப் பெண்களின் செயலே விடையளிக்கின்றது. அவர்கள் தம்மை இரங்கத்தக்கவராகக் காட்டிக்கொண்டு பொறுப்பிலிருந்து விலகவில்லை, பொறுப்பேற்பதற்கு வேண்டிய ஆற்றலைக் கோரினர், கிடைத்தபோது ஏற்றுக்கொண்டனர். சகாவுக்குக் கற்பித்தல், கணக்கெழுதுதல், சங்கத்தை நடத்துதல் ஆகியன பொறுப்பின் வடிவங்களேயாம். ஆகவே இயலாமையை ஏற்றுக்கொள்வது பொறுப்பை அழிப்பதன்று. பொறுப்பு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைக் காட்டுவதாகும்.

இவற்றிலிருந்து அறிவு பயனற்றது என்ற முடிவுக்கு வருதல் தவறாகும். ஆற்றலிருந்தும் அறிவில்லையாயின் கூட்டு மறுப்பு எதனை மறுப்பது என்றறியாது தடுமாறும். சொல்லப்படுவது இதுவே: அறிவு ஒரு பொருள் போலக் கைமாறித் தானே பயன் தருவதன்று. வங்கத்திற் பிறந்த அமர்த்தியா சென், 1979இல் சமத்துவம் பற்றி ஆற்றிய சொற்பொழிவில், ஒருவரிடம் என்ன பொருள் உள்ளது என்பதோடு நில்லாது, அதனைக் கொண்டு அவர் எதனைச் செய்ய வல்லவராகின்றார் என்பதையும் நோக்குதல் வேண்டும் என வற்புறுத்தினார். அறிவென்னும் பொருளுக்கும் இந்த அளவுகோல் முழுதும் பொருந்தும்.

இலங்கையின் அனுபவமும் இதற்கு அணியாகின்றது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றும் நிலையை இலங்கை ஒழித்துவிட்டதென 2019 டிசெம்பரில் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. இதனை இலங்கைத் தாய்மாரின் அறிவின் வெற்றியென மட்டும் கூறல் பொருந்தாது. கட்டணமற்ற மருத்துவ சேவை, கர்ப்பவதிகளின் இல்லம் தேடிச் செல்லும் குடும்பநல மாது, அண்மையிலுள்ள சிகிச்சை நிலையத்திற் பரிசோதனை ஆகியன பல தலைமுறைகளாக நிலைபெற்றிருந்தன. அறிந்த தாய் அறிந்ததைச் செய்வதற்கு வழி திறந்தே இருந்தது. வழி திறந்திருந்த இடத்தில் அறிவு பயன் தந்தது. அடைபட்டிருந்த இடத்தில் அது பழியாக மாறியது.

ஆண்டுதோறும் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேறுவோர் மருத்துவராகவும் ஆசிரியராகவும் அதிகாரிகளாகவும் தொண்டராகவும் மக்களிடஞ் செல்கின்றனர். செல்வோர் தம்மிடம் அறிவு உண்டு, அங்குள்ளோரிடம் அது இல்லை என்ற எண்ணத்தோடு செல்வது இயல்பு. பாலியல் நலக் கல்வி தந்த அனுபவம் அவ்வெண்ணத்தை ஒருமுறை திருப்பிப் பார்க்கச் சொல்கின்றது. சோனாகாச்சியில் ஆணுறையின் பயனை அறியாதிருந்தோர் சிலராயிருக்கலாம். ஆனால் அதனை அணியுமாறு கூறுவதற்கு ஒருத்தி கொடுக்க வேண்டியிருந்த விலையை அறியாதிருந்தோர் போதிக்கச் சென்றவர்களே. 2021இற் கொரோனாத் தொற்றினால் மறைந்த ஸ்மரஜித் ஜானாவின் சிறப்பு, அவர் அதிகம் அறிந்திருந்தார் என்பதிலன்று. தாம் அறியாததை எவரிடம் கேட்டறிய வேண்டும் என்பதை அறிந்திருந்தார் என்பதிலேயே தங்கியுள்ளது.

அறிவு ஒழுக்கத்தைத் தருமா என்ற பழைய வினாவுக்கு முன்னே இன்னொரு வினா வைக்கப்பட வேண்டியுள்ளது: அறிந்ததைச் செய்யவிடாது தடுத்து நிற்பது எது? அவ்வினாவைக் கேளாமற் போதிப்பவர், கேட்பவரின் தோளிற் சுமையொன்றை ஏற்றிவிட்டுத் திரும்பிச் செல்பவராவர். அதனைக் கேட்டபின் போதிப்பவரோ அச்சுமையில் ஒரு பங்கைத் தாமும் ஏற்கக் கடமைப்படுகின்றார். கல்வி அறச்செயலாவது அந்த இடத்திலேயாம்.